சிவனொளிபாதமலையில் பூக்கும் இமயத்து மரம்

1344ஆம் ஆண்டில் புத்தளம் கரையில் வந்திறங்கிய மொரோக்கோ நாட்டுப் பயணி இப்னு பதூதாவை அங்கு வரவேற்று உபசரித்தவன் தமிழ் மன்னனான ஆரியச் சக்கரவர்த்தி. பாரசீக மொழி அறிந்திருந்த அம்மன்னன் விருந்தினருக்கு வேண்டுவது யாதென வினவியபோது, ஆதம் (அலை) அவர்களின் பாதச்சுவட்டைக் காண்பதைத் தவிரத் தமக்கு வேறு விருப்பம் இல்லை என்று அவர் கூறினார். அதற்கிணங்க ஒரு பல்லக்கும், ஆண்டுதோறும் மலைக்கு யாத்திரை செய்யும் நான்கு யோகிகளும், மூன்று பிராமணர்களும், மன்னனின் பரிவாரத்தினர் பத்துப் பேரும், உணவுப் பொருட்களைச் சுமக்கப் பதினைந்து பேரும் அவருடன் அனுப்பப்பட்டனர். முஸ்லிம் யாத்திரிகர் ஒருவர் தமிழ் மன்னனின் துணையோடும் இந்துத் துறவிகளின் வழிகாட்டலோடும், பௌத்தர்கள் ஸ்ரீ பாதம் எனப் போற்றும் மலையில் ஏறிய இந்நிகழ்ச்சி எமது வாசகர்களில் பலர் அறிந்ததே. ஆனால், அம்மலையில் அவர் கண்ட ஒரு பூவைப் பற்றிய குறிப்பு அவ்வளவாகக் கவனிக்கப்பட்டதில்லை.

இலையுதிர்க்காத மரங்கள் அம்மலையில் நிறைந்திருந்தன என்றும், பல நிறப் பூக்களுக்கிடையே உள்ளங்கையளவு பெரிய செந்நிற ரோசாக்கள் காணப்பட்டன என்றும் இப்னு பதூதா தமது பயணநூலில் கூறுகின்றார். அப்பூக்களில் அல்லாஹ்வின் திருநாமமும் நபிகளாரின் (ஸல்) பெயரும் எழுதப்பட்டிருப்பதாக அங்குள்ளோர் சொல்லக் கேட்டதையும் அவர் பதிவு செய்துள்ளார்.

உள்ளங்கையளவு செந்நிற ரோசா எதுவும் சிவனொளிபாதமலைக் காட்டில் இயற்கையாக வளர்வதில்லை. ஆனால், தூரத்திலிருந்து பார்ப்போருக்கு ரோசா போலவே தோன்றும் பூவொன்று அங்குண்டு. மணிவடிவான பத்துப் பதினைந்து சிறு பூக்கள் கிளை நுனியில் ஒன்றாகக் கொத்தாகி, ஒரே பெரும் பூவென நிற்கும். ஒவ்வொரு பூவினுள்ளும் கருஞ்சிவப்புப் புள்ளிகள் சிதறியிருக்கும். எழுத்தென நம்பப்பட்டவை இப்புள்ளிகளாக இருந்திருக்கலாம் என்று நாம் ஊகிக்கின்றோம். சிங்கள மக்கள் இதனை மஹ ரத்மல், அதாவது பெரிய செம்மலர் என்பர். நீலகிரி மலைகளில் வாழும் தமிழர் இதன் நெருங்கிய உறவான மரத்தைக் காட்டுப் பூவரசு என்கின்றனர். தாவரவியலாளர் வழங்கும் பெயர் ரோடோடென்ட்ரன். கிரேக்க மொழியிலிருந்து ஆக்கப்பட்ட அப்பெயரின் பொருள் ரோசா மரம் என்பதாகும். ஆகவே, இப்னு பதூதா வழங்கிய பெயரைத் தவறென்று கூறுவதற்கு ஐரோப்பியத் தாவரவியலாளர்களுக்கும் அதிக உரிமையில்லை.

ஹோட்டன் சமவெளிக்குச் சென்றோர் இதனை அறியாமலே கடந்து சென்றிருப்பர். புல்வெளியின் ஓரங்களில், காற்றினால் வளைக்கப்பட்டு, தடித்த வெடிப்புற்ற பட்டையுடன் தனித்தனியே நிற்கும் குட்டை மரங்களே இவை. இலையைத் திருப்பிப் பார்த்தால் அடையாளம் காண்பது எளிது. மேற்புறம் கரும்பச்சையாகவும் சுருக்கங்களுடன் தோல்போலக் கடினமாகவும் இருக்கும்; அடிப்புறத்தில் பழுப்பு நிற மென்மயிர் படர்ந்திருக்கும். குளிரையும் கடுங்காற்றையும் தாங்குவதற்கு உதவும் அமைப்பு அது. தடித்த பட்டையோ புல்வெளித் தீயிலிருந்து மரத்தை ஓரளவு காக்கின்றது.

இவ்விடத்தில்தான் புதிர் தொடங்குகின்றது. ரோடோடென்ட்ரன் இனத்தில் ஏறத்தாழ ஆயிரம் வகைகள் உள்ளன. அவற்றின் பெருந்தொகையானவை இமயமலையிலும், தென்மேற்குச் சீனத்திலும், நியூகினி வரையுள்ள தென்கிழக்காசிய மலைகளிலும் வளர்கின்றன. எமது நாட்டிற்கு உரியதாக இருப்பது ஒன்றே ஒன்று. அதுவும் முற்றிலும் புதிய ஓர் இனமன்று. நேபாளத்தின் தேசிய மலரான லாலி குராஸ் எதுவோ, உத்தராகண்ட் மக்கள் புராஞ்ச் என அழைத்துப் பானம் தயாரிக்கும் பூ எதுவோ, அதே மரத்தின் கிளைவகைதான் இது என்பதே பெரும்பாலான தாவரவியலாளரின் கருத்து. ஹார்ட்விக் என்னும் ஆங்கிலப் படை அதிகாரி 1796இல் கடுவால் பகுதிக்குச் சென்றபோது இம்மரத்தைக் கண்டு விவரித்தார். 1805இல் சேர் ஜேம்ஸ் எட்வர்ட் ஸ்மித் அதற்கு ரோடோடென்ட்ரன் ஆர்போரியம் என்று பெயரிட்டார். நீலகிரி, ஆனைமலை, பழனி மலைகளில் வளர்வது அதன் நீலகிரிக் கிளைவகை. இலங்கையில் வளர்வது செய்லானிக்கம் எனப்படும் கிளைவகை. இவ்விரண்டையும் தனித்தனி இனங்களாகவே கொள்ள வேண்டும் என்பாரும் உளர்.

நேபாளத்தின் மலைகளுக்கும் நுவரெலியாவுக்கும் இடையில் ஏறக்குறைய 2,300 கிலோமீற்றர் தூரமுண்டு. கங்கைச் சமவெளி, விந்திய சாத்பூரா மலைத்தொடர்கள், தக்காணப் பீடபூமி, அதன் பின்னர் தமிழகத்தின் வெப்பச் சமவெளி, இறுதியாகக் கடல் ஆகியவை இடையே கிடக்கின்றன. மத்திய இந்தியாவில் இம்மரம் இயற்கையாக வளர்வதில்லை. குளிர்ந்த ஈரமலைகளில் மட்டுமே வாழக்கூடிய மரம் இத்தூரத்தை எவ்வாறு கடந்தது? விதையை விதைத்தவர் யார்?

எமது நாட்டு மலைகளைப் பற்றிய இக்கேள்வி உலகப் புகழ்பெற்ற ஒரு நூலிலும் இடம்பெற்றுள்ளது என்பதைப் பலர் அறியார். 1859இல் வெளியான 'உயிரினங்களின் தோற்றம்' என்ற நூலில் சார்ள்ஸ் டார்வின், இமயத்திலும், இந்தியக் குடாநாட்டின் தனித்த மலைகளிலும், இலங்கையின் உயர்நிலங்களிலும், ஜாவாவின் எரிமலைச் சிகரங்களிலும் ஒரே வகையான அல்லது ஒன்றையொன்று ஒத்த தாவரங்கள் காணப்படுவதையும், அவை இடைப்பட்ட வெப்பத் தாழ்நிலங்களில் இல்லாதிருப்பதையும் சுட்டிக்காட்டினார். பனியுகத்தில் தாழ்நிலங்களும் குளிர்ந்தபோது வடக்கின் தாவரங்கள் தெற்கே பரவின. மீண்டும் வெப்பம் கூடியபோது சமவெளிகளில் அழிந்து, மலையுச்சிகளில் ஏறித் தப்பின என்பது அவர் தந்த விளக்கம். வெள்ளம் பெருகும்போது மேட்டுநிலத்தில் ஒதுங்கியோர், வெள்ளம் வடியாமையால் அங்கேயே தங்கிவிட்டதைப் போன்றது இது.

இந்த விளக்கம் இன்றளவும் அடிப்படையில் ஏற்கப்பட்டிருப்பினும், அது முழுமையானதன்று. கணக்கை ஒருமுறை போட்டுப் பார்ப்போம். மலையில் 1,000 மீற்றர் மேலே ஏறும்போது வெப்பநிலை ஏறத்தாழ 6 பாகை செல்சியஸ் குறைகின்றது. சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன்னர், கடைசிப் பனியுகத்தின் உச்சத்தில், வெப்பவலய மலைகள் இன்றைவிட ஐந்து பாகை அளவில் குளிர்ந்திருந்தன எனக் கொண்டால், எமது மரம் வளரக்கூடிய எல்லை 800 மீற்றர் அளவில் கீழே இறங்கியிருக்கும். நடுத்தர மலைகளில் பரவுவதற்கு அது போதும். ஆனால், திருநெல்வேலிச் சமவெளியிலோ வன்னியிலோ ரோடோடென்ட்ரன் பூத்துக் குலுங்குவதற்கு அது போதாது. மேலும், அக்காலம் குளிர்ந்தது மட்டுமன்று, வறண்டதுமாகும். பருவமழை நலிந்திருந்ததை நீலகிரிக் கரிமண்ணும், ஹோட்டன் சமவெளியின் சதுப்புக்களில் படிந்துள்ள 20,000 ஆண்டுகளுக்கு மேற்பட்ட மகரந்தப் படிவுகளும் காட்டுகின்றன. ஈரத்தை நாடும் மரத்திற்கு அது உகந்த பயணக் காலமன்று.

கடல் ஒரு பெருந்தடையாக இருக்கவில்லை. பனியுகத்தில் உலகின் நீரில் ஒரு பகுதி பனிக்கட்டியாக உறைந்திருந்தமையால் கடல் மட்டம் இன்றைவிடச் சுமார் 120 மீற்றர் தாழ்ந்திருந்தது. பாக்கு நீரிணையின் ஆழமோ அதனுடன் ஒப்பிடுகையில் மிக அற்பம். தலைமன்னாருக்கும் இராமேஸ்வரத்துக்கும் இடையில் நீண்ட காலம் நிலமே இருந்தது. யானையும் சிறுத்தையும் அவ்வழியே நடந்துவந்திருக்கக்கூடும். நடக்க இயலாத மரத்திற்கு உண்மையான தடை, தமிழகத்தின் தென்கோடி மலைகளுக்கும் எமது மத்திய மலைநாட்டுக்கும் இடைப்பட்ட 400 கிலோமீற்றருக்கு மேற்பட்ட தாழ்நிலமேயாகும்.

இந்த இடைவெளியை விளக்க முற்பட்டோர் பலர். அவர்களுள் முக்கியமானவர் மீனியல் அறிஞர் சுந்தர்லால் ஹோரா. மலையருவிகளில் மட்டும் வாழும் சில மீன்கள் இமயத்தின் கிழக்குப் பகுதியிலும் மேற்குத் தொடர்ச்சி மலையிலும் காணப்படுவதைக் கண்ட அவர், சாத்பூரா மலைத்தொடர் ஒரு காலத்தில் அவற்றுக்குப் பாலமாக இருந்திருக்க வேண்டும் என்றார். 1949இல் அவர் விரித்துரைத்த இக்கருத்து சாத்பூராக் கருதுகோள் எனப் பெயர் பெற்றது. இமயத்தினதும் தென்னிந்தியாவினதும் ரோடோடென்ட்ரன் மரங்களின் மரபணுக்களை ஒப்பிட்டு 2014இல் வெளியான ஆய்வொன்றும் இக்கருத்துக்கு ஆதரவாகவே அமைந்தது. ஒரே பயணத்தில் அன்றி, பல பனியுகங்களில், ஒரு மலையிலிருந்து அடுத்த மலைக்கென மரம் நகர்ந்திருக்கலாம். இதன் விதைகள் தூசிபோல நுண்ணியவை. காய் வெடித்ததும் அவற்றைக் காற்று அள்ளிச் செல்லும். பெரும்பாலானவை அருகிலேயே விழும் என்பது உண்மையே. ஆயினும், பல இலட்சம் ஆண்டுகளில் ஏதோவொரு புயல், சில விதைகளை இலங்கையின் மலைச்சரிவொன்றில் கொண்டுவந்து சேர்த்திருந்தால் போதுமல்லவா?

இங்கு ஓர் எச்சரிக்கையையும் சொல்லியாக வேண்டும். வடக்கிலும் தெற்கிலும் ஒத்திருப்பவை யாவும் இதே வழியில் வந்தவையல்ல. நீலகிரியின் வரையாடும் இமயத்தின் வரையாடும் உடன்பிறப்புக்கள் என்றே நீண்டகாலம் பாடநூல்கள் கற்பித்தன. 2005இல் வெளியான மரபணு ஆய்வு, நீலகிரி வரையாடு செம்மறியாட்டுக்கே நெருங்கிய உறவு என்று காட்டி, அதனைத் தனிப் பேரினமாகப் பிரித்துவிட்டது. தோற்றத்தை மட்டும் கொண்டு உறவை முடிவுசெய்வதில் உள்ள ஆபத்து இது. எமது செம்மலரின் உறவுமுறை அவ்வாறு தலைகீழாகிவிடவில்லை.

இம்மரத்தின் கதையில் மறக்கக்கூடாத இன்னொரு பெயர் ஜோசப் ஹூக்கர். டார்வினின் நெருங்கிய நண்பரான அவர் 1848 முதல் 1850 வரை சிக்கிம் மலைகளில் அலைந்து ரோடோடென்ட்ரன்களைத் திரட்டினார். அவற்றின் வண்ணப்படங்களோடு வெளியான அவரது நூல் இங்கிலாந்தின் தோட்டங்களையே மாற்றியமைத்தது. அதே காலத்தில் இலங்கையின் மலைநாட்டில் காடுகள் கோப்பிக்காகச் சாம்பலாகிக்கொண்டிருந்தன. 1830கள் முதல் மலைக்கு மலை காடு வெட்டப்பட்டுத் தீயிடப்பட்டது. அவ்வேலைக்காகத் தமிழகத்திலிருந்து அழைத்துவரப்பட்டு, வழியிலும் லயங்களிலும் மாண்டோரின் தொகை எழுதப்படாத வரலாறாகும். 1869இல் கோப்பியில் இலைத்துரு நோய் தோன்றியது. இந்நிலையில், கியூ தாவரவியற் பூங்காவின் பணிப்பாளராக இருந்த ஹூக்கர், 5,000 அடிக்கு மேற்பட்ட மலைக்காடுகளைத் தொடாது விடுமாறு ஆலோசனை வழங்கினார். அதன்படி 1873இல் குடியேற்ற அரசு பிறப்பித்த கட்டளையே ஹோட்டன் சமவெளியும் அதனைச் சூழ்ந்த முகிற்காடுகளும் தேயிலைக்குப் பலியாகாமல் எஞ்சியமைக்கு முக்கிய காரணமாகும். குடியேற்ற ஆட்சியின் கட்டளைகளைப் பாராட்டும் சந்தர்ப்பம் எமக்கு அரிதாகவே கிடைக்கின்றது. இது அவ்வரிய சந்தர்ப்பங்களில் ஒன்று. பிற்காலத்தில், டிரைமன் 1896இல் காலமானதால் முற்றுப்பெறாதிருந்த இலங்கைத் தாவரங்கள் பற்றிய பெருநூலின் இறுதிப் பகுதிகளை நிறைவுசெய்தவரும், அப்போது எண்பது வயதை எட்டியிருந்த இதே ஹூக்கர்தான்.

அந்தக் கட்டளை காத்தது பூக்களை மட்டுமன்று. மகாவலி, களனி, வளவை ஆகிய மூன்று ஆறுகளுக்கும் நீரூட்டும் ஓடைகள் ஹோட்டன் சமவெளியில் ஊற்றெடுக்கின்றன. முகிற்காட்டின் மரங்களும் அவற்றில் படர்ந்த பாசிகளும் மழையை மட்டுமல்லாது, தவழ்ந்து செல்லும் மூடுபனியையும் துளித்துளியாக வடித்து மண்ணில் இறக்குகின்றன. பொலன்னறுவையில் வயல் செய்பவரும், கொழும்பில் குழாயைத் திறப்பவரும் அக்காட்டின் பயனாளிகளே.

1969இல் ஹோட்டன் சமவெளி இயற்கை ஒதுக்கமாக்கப்பட்டது. 1988இல் தேசியப் பூங்காவாகியது. 2010இல் சிவனொளிபாதமலை வனம், நக்கிள்ஸ் மலைத்தொடர் ஆகியவற்றுடன் சேர்த்து யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலிலும் இடம்பெற்றது. பாதுகாப்பின் பெயர்கள் இவ்வாறு உயர்ந்துகொண்டே சென்றுள்ளன. ஆனால், பல பத்தாண்டுகளாகவே அங்குள்ள காட்டில் மரங்கள் நுனியிலிருந்து காய்ந்து பட்டுப்போகும் நோய்நிலை காணப்படுகின்றது. மண்ணின் சத்துக் குறைவு, வறட்சி, மாசடைந்த காற்று எனப் பல காரணங்கள் கூறப்பட்டபோதிலும் ஆய்வாளரிடையே முடிந்த முடிபு இல்லை. எமது செம்மலர் இதனால் பெரிதும் பாதிக்கப்பட்ட மரங்களின் வரிசையில் முன்னிற்பதன்று என்பது சிறிது ஆறுதலளிக்கின்றது.

அதனை எதிர்நோக்கும் ஆபத்து வேறு வகையானது. முன்னர் போட்ட கணக்கையே இப்போது திருப்பிப் போட வேண்டும். வெப்பநிலை ஒரு பாகை உயர்ந்தால், அதே குளிரை நாடும் மரம் ஏறத்தாழ 170 மீற்றர் மேலேற வேண்டும். இமயத்தில் உள்ள மரத்துக்கு மேலேற மலையிருக்கின்றது. எமது நாட்டின் மிக உயர்ந்த சிகரமான பிதுருதலாகல 2,524 மீற்றருடன் முடிந்துவிடுகின்றது. சிவனொளிபாதமலையின் உச்சி 2,243 மீற்றர்; கூம்புபோன்ற அதன் முடியில் கோயிலுக்கும் படிகளுக்கும் போக எஞ்சுவது சிறிதளவு நிலம். வடக்கே திரும்பிச் செல்லலாம் என்றால், வந்த வழி இன்று கடலும் வெப்பச் சமவெளியும் ஆகிவிட்டது. பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் தன்னைக் காத்த மலையுச்சியே இம்மரத்துக்கு இனி முட்டுச்சந்தாக மாறக்கூடும். இப்பூமியை வெப்பமாக்கிய புகையில் எமது சிறிய நாட்டின் பங்கு மிக அற்பமானது என்பதையும் இங்கு சொல்லிவைக்க வேண்டும்.

வெப்பத்தை எம்மால் மட்டும் தடுக்க இயலாது. ஆனால், எம்மால் இயன்றவையும் உண்டு. ஹோட்டன் சமவெளியில் மஞ்சள் பூக்களுடன் காணப்படும் கோர்ஸ் என்னும் முட்புதரைப் பார்த்துச் சில பயணிகள் அதன் அழகை வியந்து படமெடுப்பதுண்டு. அதுவும் வடக்கிலிருந்து வந்த பூஞ்செடியே. ஐரோப்பாவிலிருந்து ஆங்கிலேயர் கொண்டுவந்தது. புல்வெளியை விழுங்கிப் படரும் அதனை வேரோடு அகற்ற வனசீவராசிகள் திணைக்களமும் தொண்டர்களும் முயன்று வருகின்றனர். ஒரு செடி பல இலட்சம் ஆண்டுகளில் மலைமலையாக நகர்ந்துவந்து, இங்குள்ள மண்ணுக்கும் பூச்சிக்கும் பறவைக்கும் பழகி, வேறெங்குமில்லாத வடிவம் பெற்றது. மற்றொன்று நூற்றைம்பது ஆண்டுகளுக்குள் மற்றைய செடிகளின் இடத்தைப் பறித்துக்கொண்டது. வடக்கிலிருந்து வந்தது என்ற ஒன்றைக் கொண்டே எதையும் அந்நியம் எனத் தள்ளிவிடுவோர் எமது நாட்டில் குறைவில்லை. அவர்கள் ஒருமுறை ஹோட்டன் சமவெளிக்குச் சென்று இவ்விரு செடிகளையும் அருகருகே பார்ப்பது நல்லது.

இன்னொன்று, நாற்று நடுவோர் கவனத்துக்கு. மலைநாட்டில் மரநடுகை இயக்கங்கள் பெருகிவரும் இந்நாட்களில், அழகுக்காக விற்கப்படும் கலப்பின ரோடோடென்ட்ரன் நாற்றுக்களைக் காட்டோரங்களில் நடும் எண்ணம் எவருக்கேனும் தோன்றலாம். இவ்வினத்தைச் சேர்ந்த மரங்கள் ஒன்றோடொன்று எளிதில் கலப்புறுபவை. தோட்டத்து மரத்தின் மகரந்தம் காட்டு மரத்தைச் சென்றடைந்தால், இத்தீவில் மட்டும் உருவான செய்லானிக்கம் கிளைவகையின் தனித்தன்மை சில தலைமுறைகளில் கரைந்துபோகும். நடத்தான் வேண்டுமாயின், அந்தந்த மலையின் மரங்களிலிருந்தே, திணைக்களத்தின் அனுமதியுடன் விதை சேகரித்து, ஹக்கலைப் பூங்கா போன்ற குளிர்ந்த இடமொன்றில் நாற்றாக்கி, மீண்டும் அதே மலையிலேயே நடவேண்டும்.